எல்லை தாண்டும் செல்பேசி: வெளிநாட்டுப் பயணத் திட்டங்கள், ஓர் ஆய்வு

இந்தியாவிலிருந்து வெளிநாடு செல்பவரின் செல்பேசி மூன்று வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. வங்கியும் வீட்டாரும் அறிந்த இந்திய எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திகளைப் பெற்றுத் தர வேண்டும். போன ஊரில் வரைபடம், வாடகைக் கார், வாட்ஸ்அப் போன்றவற்றுக்கு இணையம் தர வேண்டும். தேவைப்பட்டால் சாதாரண அழைப்பும் பேச உதவ வேண்டும். மூன்றையும் ஒரே சிம்மிடம் ஒப்படைக்க வேண்டிய காலம் போய்விட்டது. இரண்டு சிம் போடும் கருவியும் இ-சிம்மும் பரவிய பிறகு இவற்றைத் தனித்தனியே பிரித்துக் கொடுக்கலாம். ஆனாலும் பெரும்பாலான பயணிகள் ‘எந்த பேக் மலிவு’ என்ற ஒரே கேள்வியோடுதான் தேடுகிறார்கள். அதிகப் பணம் வீணாவதும், விமான நிலையத்தில் ஒருமுறைக் கடவுச்சொல்லான ஓடிபி வராமல் தவிப்பதும் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றன. எந்த வேலையை எந்த சிம் செய்வது என்பதை முதலில் தீர்த்துக்கொண்டால் விலையை ஒப்பிடுவது எளிது.

கிடைக்கும் வழிகள் நான்கு. சொந்த நிறுவனத்தின் சர்வதேச ரோமிங் பேக் ஒன்று. போய் இறங்கிய நாட்டில் வாங்கும் உள்ளூர் சிம் இரண்டாவது. புறப்படும் முன்பே இணையத்தில் வாங்கி நிறுவிக்கொள்ளும் பயண இ-சிம் மூன்றாவது. எதுவும் வாங்காமல் விடுதி, விமான நிலையம், கடை ஆகியவற்றின் வைஃபையை மட்டும் நம்புவது நான்காவது. நான்காவது வழி கேட்கச் சிக்கனமாகத் தோன்றும். ஆனால் வழி தவறுவதும் வண்டி கிடைக்காமல் நிற்பதும் வைஃபை இல்லாத தெருவில்தான் நடக்கும் என்பதால், அதைத் திட்டமாகவே கருத முடியாது. இவை தவிர, ஜப்பானில் பரவலாக இருக்கும் வாடகை வைஃபை கருவி, நான்கைந்து பேர் ஒன்றாகவே சுற்றும் குடும்பத்துக்கு மட்டும் பொருந்தும். ஒருவர் பிரிந்து போனாலும் அவருடைய இணைப்பு அறுந்துவிடும்.

ரோமிங் நடக்கும் விதம்

திட்டங்களின் விலையும் நிபந்தனையும் ஏன் இப்படி இருக்கின்றன என்று புரிய, ரோமிங்கின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். செல்பேசிகளுக்கான ஜிஎஸ்எம் தொழில்நுட்பம் தொடக்கத்திலேயே எல்லை தாண்டுவதை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. 1987 செப்டம்பரில் 13 ஐரோப்பிய நாடுகளின் தொலைத்தொடர்பு அமைப்புகள் கோபன்ஹேகனில் அதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் முதல் ஜிஎஸ்எம் சேவை தொடங்கியது. அடுத்த ஆண்டே டெலிகாம் ஃபின்லாந்தும் பிரிட்டனின் வோடஃபோனும் முதல் ரோமிங் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. இன்று ஒவ்வொரு நிறுவனமும் நூற்றுக்கணக்கான அயல் நிறுவனங்களோடு தனித்தனியே இப்படி ஒப்பந்தம் வைத்திருக்கிறது.

சிம்முக்குள் 15 இலக்கம் கொண்ட ஓர் அடையாள எண் இருக்கிறது. அது வாடிக்கையாளர் அறிந்த செல்பேசி எண் அல்ல. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்: இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413, சிங்கப்பூருக்கு 525, ஐக்கிய அரபு அமீரகத்துக்கு 424. சாங்கி விமான நிலையத்தில் செல்பேசியை இயக்கியதும் சிங்கப்பூர் கோபுரம் 404 என்று தொடங்கும் எண்ணைப் பார்க்கிறது. உரிய இந்திய நிறுவனத்தின் பதிவேட்டைத் தொடர்புகொண்டு, இந்த வாடிக்கையாளருக்கு வெளிநாட்டுச் சேவை அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்கிறது. அனுமதி வந்ததும் அவரைத் தற்காலிக விருந்தினராகப் பதிந்துகொள்கிறது. இந்தியாவில் ரோமிங் வசதியைத் திறக்காமலே விமானம் ஏறியவருக்கு இந்த இடத்திலேயே மறுப்பு வந்துவிடும். அப்போது எந்தக் கோபுரமும் அவரை ஏற்காது, ஓடிபியும் வராது.

வெளிநாட்டில் இருக்கும்போது வரும் அழைப்புக்கும் காசு பிடிக்கப்படுவது பலருக்குப் புரியாத புதிர். மதுரையிலிருந்து ஒருவர் பயணியின் எண்ணை அழைக்கும்போது, அழைக்கப்படுபவர் கோலாலம்பூரில் இருப்பது அவருக்குத் தெரியாது. அவருக்கு அது உள்நாட்டு அழைப்பு. அழைப்பு முதலில் இந்திய நிறுவனத்தின் மையத்துக்குப் போய், அங்கிருந்து மலேசியாவுக்குக் கொண்டு செல்லப்படுகிறது. அந்த இரண்டாம் பாதிக்கான செலவு பெறுபவரின் கணக்கில் ஏறுகிறது. எடுக்காத அழைப்பை வாய்ஸ்மெயிலுக்கோ வேறு எண்ணுக்கோ திருப்பிவிடும் ஏற்பாடு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மலேசியா வரை போன அழைப்பு மறுபடி இந்தியாவுக்கே திரும்புவதால் இரண்டு பயணத்துக்கும் கட்டணம் விழலாம். புறப்படும் முன் கால் ஃபார்வர்டிங்கை நீக்கிவிடச் சொல்வது இதனால்தான்.

இணையத் தரவும் இப்படித்தான் சுற்றி வருகிறது. 4ஜி ரோமிங்கில் பெரும்பாலும் தரவு முதலில் தாய்நாட்டு நிறுவனத்தின் நுழைவாயிலுக்கு வந்து, அங்கிருந்தே இணையத்துக்குள் போகிறது. இதனால் வேகத்தில் சற்றுத் தாமதம் தெரியும். அதற்கு ஈடாக ஒரு நன்மையும் உண்டு. சீனாவில் கூகுள், வாட்ஸ்அப் போன்றவை தடைசெய்யப்பட்டிருக்கின்றன. அங்கே வாங்கிய உள்ளூர் சிம்மில் இவை திறக்காது. இந்திய சிம்மின் ரோமிங் தரவு இந்தியாவுக்கு வந்து வெளியேறுவதால் அதில் பொதுவாக வேலை செய்யும். சீனாவுக்குப் போகிறவருக்கு உள்ளூர் சிம்மைவிட ரோமிங் பேக்கோ சீனாவுக்கு வெளியே வழங்கப்பட்ட பயண இ-சிம்மோ பொருத்தம் என்பதற்கு இதுவே காரணம்.

கணக்கு தீர்ப்பது இந்த ஏற்பாட்டின் கடைசிக் கட்டம். விருந்தோம்பும் நிறுவனம் பயன்பாட்டைப் பதிவுசெய்து, ஒப்பந்தப்படி மொத்த விலையில் தாய் நிறுவனத்திடம் வசூலிக்கிறது. தாய் நிறுவனம் தன் விருப்பப்படி சில்லறை விலை வைத்து வாடிக்கையாளரிடம் வாங்குகிறது. பதிவுகள் வந்து சேரத் தாமதமாவதும் உண்டு என்பதால், போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர் ஊர் திரும்பிய பிறகு அதிர்ச்சி தரும் பில்லைப் பார்க்க நேர்கிறது. பிரீபெய்டில் இருப்பு தீர்ந்ததும் சேவை நின்றுவிடும். வசதிக் குறைவுதான், ஆனால் கணக்கு கைமீறிப் போகாது.

கட்டுப்பாடு உள்ள இடமும் இல்லாத இடமும்

மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்பதை ஐரோப்பிய ஒன்றியம் வெளிச்சம் போட்டுக் காட்டியது. 2007-இல் அது முதன்முதலாக ரோமிங் அழைப்புக்கு உச்சவரம்பு வைத்தது. வரி நீங்கலாக, அழைக்க நிமிடத்துக்கு 0.49 யூரோ, அழைப்பைப் பெற 0.24 யூரோ. படிப்படியாக இறக்கி, 2017 ஜூன் 15 முதல் கூடுதல் கட்டணத்தையே நீக்கியது. ஒன்றியத்துக்குள் எந்த நாட்டில் இருந்தாலும் சொந்த நாட்டுக் கட்டணமே. 2022-இல் இந்த விதி 2032 வரை நீட்டிக்கப்பட்டது. நிறுவனங்களுக்கு இடையிலான மொத்த விலை உச்சவரம்பும் கூடவே சரிந்தது. 2017-இல் ஒரு ஜிபிக்கு 7.70 யூரோவாக இருந்தது 2022 ஜூலையில் 2 யூரோவானது. 2027-இல் 1 யூரோவாகக் குறைய வேண்டும் என்று விதியே நிர்ணயித்திருக்கிறது. ஒரு ஜிபியை எல்லை தாண்டிக் கொடுக்கும் செலவு இந்த அளவில்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, பேக் இல்லாத ரோமிங்கை எம்பி கணக்கில் விற்பதை நியாயப்படுத்துவது கடினம். எம்பிக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே ஒரு ஜிபிக்கு 5,000 ரூபாயைத் தாண்டுகிறது.

இந்தியப் பயணிக்கு ஐரோப்பிய விதி நேரடியாகப் பொருந்தாது. அது ஒன்றியத்தில் வழங்கப்பட்ட சிம்களுக்கு மட்டுமே. ஆனால் பாரிஸில் வாங்கிய சிம்மை ரோமிலும் வியன்னாவிலும் பயன்படுத்தலாம் என்பதால் மறைமுகப் பயன் உண்டு. அதிலும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. பேக்கில் சொல்லப்படும் முழு அளவும் பிற நாடுகளில் கிடைப்பதில்லை. ஒன்றியத்துக்குள் பயன்படுத்தக்கூடிய அளவு தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது, விசா எல்லையும் ரோமிங் எல்லையும் ஒன்றல்ல. நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவை ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் இந்த விதிக்குள் வருகின்றன. ஷெங்கன் விசா செல்லும் சுவிட்சர்லாந்து இதற்கு வெளியே இருக்கிறது. பிரிட்டனும் ஒன்றியத்தைவிட்டு விலகியதால் வெளியேறிவிட்டது. இந்தியர்களுக்கான ஐரோப்பியச் சுற்றுலாக்களில் சுவிட்சர்லாந்து ஏறத்தாழ எப்போதும் இருக்கும். ‘ஐரோப்பா சிம்’ வாங்கியவர்கள் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இணையம் இல்லாமல் நிற்பதற்கு இந்த நுணுக்கமே காரணம். வாங்கும் முன் நாடுகளின் பட்டியலில் சுவிட்சர்லாந்தின் பெயர் இருக்கிறதா என்று தேடுவது ஒரு நிமிட வேலை.

ஐரோப்பாவுக்கு வெளியே அரசு தலையிட்ட இடங்கள் குறைவு. சிங்கப்பூரும் மலேசியாவும் 2011-இல் தங்களுக்குள் ரோமிங் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டன. வளைகுடா ஒத்துழைப்பு நாடுகள் 2016-இல் தங்களுக்குள் உச்சவரம்பு வைத்தன. இந்தியாவுக்கு எந்த நாட்டோடும் இத்தகைய பொது ஏற்பாடு இல்லாத நிலையில் போட்டி மட்டுமே விலையைக் கட்டுப்படுத்துகிறது. போட்டியும் பேக்குகளின் விலையைத்தான் குறைத்திருக்கிறது. பேக் போடாதவருக்கான அடிப்படைக் கட்டணம் அதே பழைய உயரத்தில் நிற்கிறது. இந்திய சிம்மில் பேக் இல்லாமல் டேட்டா ரோமிங்கை இயக்கக் கூடாது என்ற விதிக்கு விலக்கே இல்லை.

ரோமிங் பேக்கைப் படிக்கும் முறை

ஜியோ, ஏர்டெல், வி ஆகியவற்றின் பேக்குகள் ஒரு நாள், ஒரு வாரம், பத்து நாள், ஒரு மாதம் என்ற அளவுகளில் வருகின்றன. விலையும் உள்ளடக்கமும் அடிக்கடி மாறுவதால், வாங்கும் நாளில் செயலியில் பார்ப்பதே சரி. எதைப் பார்ப்பது என்பது மட்டும் மாறுவதில்லை.

முதலில் நாடு. இறங்கி ஏறும் இடைவழி நாடும் பட்டியலில் உண்டா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்கான பேக், தோஹாவில் நான்கு மணி நேரம் காத்திருக்கும்போது பொருந்தாமல் போகலாம். அடுத்து அந்த நாட்டில் எந்த நிறுவனத்தின் வலைப்பின்னல் என்பது. சில பேக்குகள் குறிப்பிட்ட கூட்டு நிறுவனங்களில் மட்டுமே செல்லும். செல்பேசி தானாக வேறொன்றைப் பிடித்துக்கொண்டால் பேக் இருந்தும் இணையம் வராது, அல்லது அடிப்படைக் கட்டணம் ஓடும். அமைப்புகளில் தானியங்கித் தேர்வை நிறுத்தி, கூட்டு நிறுவனத்தின் பெயரைக் கையால் தேர்ந்தெடுப்பது இதற்குத் தீர்வு.

மூன்றாவது, நாள் கணக்கு. ஒரு நாள் என்பது முதல் பயன்பாட்டிலிருந்து 24 மணி நேரமா, இந்திய நேரப்படி நள்ளிரவில் முடிவதா, வாங்கிய கணத்திலேயே ஓடத் தொடங்கிவிடுகிறதா என்பது பேக்குக்கு பேக் வேறுபடும். நியூயார்க்கில் இருப்பவருக்கு இந்திய நள்ளிரவு பகல் பொழுதில் வருகிறது. அதை அறியாதவர் பேக் பாதி நாளில் முடிந்துவிட்டதாக நினைப்பார். நான்காவது, ‘அன்லிமிடெட்’ என்ற அடையாளம். ஏறத்தாழ எல்லா இடங்களிலும் ஓர் அளவுக்குப் பிறகு வேகம் வெகுவாகக் குறைக்கப்படும். குறைந்த வேகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், வரைபடம் திணறும், வீடியோ அழைப்பு தாக்குப்பிடிக்காது. அழைப்பு நிமிடங்களில் வருவது, உள்ளூருக்குப் போவது, இந்தியாவுக்குப் போவது மூன்றும் சேர்ந்தா, தனித்தனியா என்பதும், மூன்றாவது நாட்டுக்குப் பேசினால் என்ன ஆகும் என்பதும் சிறிய எழுத்தில் இருக்கும்.

ரோமிங் பேக்கின் உண்மையான வலிமை அதன் எளிமை. சிம்மை மாற்ற வேண்டாம், எண் மாறாது, தமிழில் பேசும் வாடிக்கையாளர் சேவை கிடைக்கும். நான்கு நாள் அலுவல் பயணத்துக்கும், செல்பேசி அமைப்புகளில் கைவைக்கத் தயங்கும் முதியவர்களுக்கும் கூடுதல் விலை கொடுத்தாலும் இதுவே ஏற்றது.

உள்ளூர் சிம்

ஒரே நாட்டில் பத்து நாளுக்கு மேல் தங்குபவருக்கும் தரவு அதிகம் தேவைப்படுபவருக்கும் உள்ளூர் சிம் பெரும்பாலும் மலிவு. உள்ளூர்க்காரருக்குத் தரும் விலையிலேயே கிடைப்பதுதான் காரணம். உள்ளூர் எண் கையில் இருப்பதும் ஒரு வசதி. வாடகைக் கார் ஓட்டுநர், விடுதி, உணவு கொண்டுவருபவர் யாரும் +91 என்று தொடங்கும் எண்ணைத் திருப்பி அழைக்க மாட்டார்கள்.

வாங்கும் நடைமுறை நாட்டுக்கு நாடு வேறு. இலங்கையில் கட்டுநாயக்க விமான நிலைய வருகைக் கூடத்திலேயே டயலாக், எஸ்எல்டி-மொபிடெல் கூடங்கள் பயணிகளுக்கான சிம் விற்கின்றன. தாய்லாந்தில் ஏஐஎஸ், ட்ரூ ஆகியவை அவ்வாறே. சிங்கப்பூரில் கடவுச்சீட்டைக் காட்டிப் பதிந்துதான் பிரீபெய்டு சிம் வாங்க முடியும். 2014 முதல் ஒருவருக்கு அதிகபட்சம் மூன்று. சவூதி அரேபியாவில் கைரேகைப் பதிவு உண்டு. உம்ரா, ஹஜ் பயணிகள் வரிசையில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜப்பானில் பயணிகளுக்குக் கிடைக்கும் சிம்களில் பெரும்பாலானவை தரவுக்கு மட்டுமே, பேசும் வசதி இருக்காது. விமான நிலையக் கூடத்தில் விற்கும் ‘டூரிஸ்ட் சிம்’ ஊருக்குள் விற்பதைவிட விலை கூடுதலாக இருப்பது பல நாடுகளில் வழக்கம். ஆனால் விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகவே இணையம் தேவைப்படும்போது அந்தக் கூடுதல் விலை வீண் அல்ல.

உள்ளூர் சிம்மோடு உள்ளூர்ச் சட்டமும் வந்து சேர்கிறது. அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியே செய்தி அனுப்பலாம். குரல், வீடியோ அழைப்புகள் தடுக்கப்பட்டிருக்கின்றன. ஷார்ஜாவில் வேலை செய்யும் மகனைப் பார்க்கப் போகும் பெற்றோர், ஊரில் இருக்கும் மகளோடு வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசலாம் என்று நம்பிப் போனால் ஏமாற்றமே. அங்கே அனுமதிக்கப்பட்ட போட்டிம் போன்ற செயலிகளை மகள் தன் செல்பேசியில் முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும். துருக்கியிலும் இந்தோனேசியாவிலும் வெளிநாட்டுக் கருவியின் அடையாளமான ஐஎம்இஐ எண்ணைப் பதியாமல் உள்ளூர் சிம்மோடு நீண்ட நாள் பயன்படுத்த முடியாது. துருக்கியில் 120 நாளுக்குப் பிறகு கருவியே முடக்கப்படும். சுற்றுலாவுக்கு இது தடையில்லை. படிக்கவோ பணிக்கோ போகிறவர்களுக்குப் பெரிய செலவு.

பயண இ-சிம்

இ-சிம் என்பது கருவிக்குள் பதிக்கப்பட்ட சில்லு. திட்டத்தைக் க்யூஆர் குறியீடு மூலம் அதில் இறக்கிக்கொள்ளலாம். 2018-இல் வெளிவந்த ஐபோன் வரிசை முதல் இது பரவத் தொடங்கியது. 2022-இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட ஐபோன் 14-இல் சிம் போடும் துளையே இல்லை. ஏர்அலோ, ஹோலாஃப்ளை, நோமாட், யூபிகி போன்றவை நாடு வாரியாகவும் கண்டம் வாரியாகவும் இ-சிம் விற்கின்றன. அவற்றில் பல சொந்தக் கோபுரம் இல்லாத மறுவிற்பனையாளர்கள். மொத்த விலையில் ரோமிங்கை வாங்கிச் சில்லறையில் தருகிறார்கள்.

சிம்மின் தாய்நாடு எது என்பது இங்கே மறைந்திருக்கும் கேள்வி. ‘ஜப்பான் இ-சிம்’ என்று வாங்கியது உண்மையில் வேறொரு நாட்டு நிறுவனத்தின் சிம்மாக இருந்து, ஜப்பானில் ரோமிங்கில் ஓடலாம். அப்போது இணையதளங்களுக்குப் பயனர் அந்த மூன்றாம் நாட்டில் இருப்பதாகத் தெரியும். வங்கிச் செயலி சந்தேகப்பட்டு உள்நுழைவைத் தடுக்கவும் கூடும். பெரும்பாலான பயண இ-சிம்களில் குரல் எண் கிடையாது, தரவு மட்டுமே. ஹாட்ஸ்பாட் மூலம் பகிர அனுமதி உண்டா என்பதையும் தனியே பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இன்னொரு சிக்கல் உண்டு. வெளிநாட்டு சிம்களை இந்தியாவில் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையின்மைச் சான்று தேவை. அது இல்லாததால் 2024 ஜனவரியில் ஏர்அலோ, ஹோலாஃப்ளை செயலிகள் ஆப்பிள், கூகுள் ஆகியவற்றின் இந்தியக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. எனவே இந்தியாவில் இருந்தபடி வாங்குபவர், விற்பவருக்கு அந்தச் சான்று உண்டா என்று பார்ப்பது நல்லது. சான்று பெற்று வெளிநாட்டு சிம் விற்கும் இந்திய நிறுவனங்கள் இருக்கின்றன.

நிறுவுவதற்கு இணையம் தேவை என்பதால் வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் இயக்குவது பாதுகாப்பான முறை. இறக்கிய இ-சிம்மை அழித்துவிட்டால் அதே குறியீட்டால் மீண்டும் நிறுவ முடியாமல் போவது வழக்கம். தொல்லை தருகிறது என்று அவசரப்பட்டு அழிக்கக் கூடாது.

இந்திய எண்ணை உயிரோடு வைத்திருத்தல்

தேர்வு முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. இந்தியரின் செல்பேசி எண் இப்போது வங்கிக் கணக்கின் சாவி. இந்திய அட்டையால் இந்தியத் தளங்களில் வாங்கப் பெரும்பாலும் ஓடிபி வேண்டும். வருமான வரித் தளம், ஆதார், வங்கிச் செயலி எல்லாம் அதே எண்ணைக் கேட்கின்றன. பணம் செலுத்தும் யூபிஐ முறை சிங்கப்பூர், இலங்கை, மொரிஷியஸ், அமீரகம், பிரான்ஸ் எனச் சில நாடுகளின் சில கடைகளில் செல்லத் தொடங்கியிருக்கிறது. அதற்கும் பதிவான எண்ணே ஆதாரம். உள்ளூர் சிம் போடுவதற்காக இந்திய சிம்மைக் கழற்றிப் பணப்பையில் வைத்தவர், அந்தக் கணத்திலேயே தன் பணத்திலிருந்து விலகிப் போய்விடுகிறார்.

நல்லவேளையாக, வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெறுவதற்கு இந்திய நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே இந்திய சிம்மில் ரோமிங் வசதி திறந்திருக்க வேண்டும், அதில் டேட்டா ரோமிங் மட்டும் அணைந்திருக்க வேண்டும், இணையத்துக்கு இரண்டாவது சிம்மைக் குறிக்க வேண்டும். மூன்று வேலைகளைப் பிரிப்பதன் நடைமுறை வடிவம் இதுதான். அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காமல் விட்டால் செலவு மேலும் குறையும். சில நிறுவனங்களில் பேக் இல்லாவிட்டால் ரோமிங் சேவையே செயல்படாது என்பதால், புறப்படும் முன் கேட்டுத் தெளிவது அவசியம். பிரீபெய்டு என்றால் உள்நாட்டு ரீசார்ஜின் காலமும் பயணம் முடியும் வரை நீடிக்க வேண்டும். அது நடுவில் முடிந்து சேவை நின்றால் ஓடிபியும் நிற்கும்.

யூபிஐ செயலிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. புதிய கருவியில் செயலியைப் பதியும்போது அது அந்த எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பி எண்ணைச் சரிபார்க்கிறது. ரோமிங்கில் இந்தச் செய்தி போகாமல் தோற்பது உண்டு. பயணத்துக்குச் சற்று முன்பு புதிய செல்பேசி வாங்கியவர், வங்கி, யூபிஐ செயலிகள் எல்லாவற்றையும் ஊரிலேயே பதிந்து சோதித்துவிட வேண்டும். வாட்ஸ்அப் இதற்கு நேர்மாறு. சிம் மாறினாலும் பொதுவாகப் பழைய எண்ணிலேயே தொடரும். ‘எண்ணை மாற்றவா’ என்று அது கேட்டால் மறுத்துவிட வேண்டும்.

இந்திய எண்ணை இ-சிம்மாக மாற்றிக்கொண்டு, துளையை உள்ளூர் சிம்முக்கு ஒதுக்குவோரும் உண்டு. வசதியான முறை. ஆனால் வெளிநாட்டில் கருவி உடைந்தாலோ தொலைந்தாலோ, இ-சிம்மை வேறு கருவிக்குக் கொண்டு போவது கடினம். அதற்கான சரிபார்ப்பே அந்த எண்ணுக்கு வரக்கூடும். உடைந்த கருவியிலிருந்து சாதாரண சிம்மை எடுத்து இன்னொன்றில் போட்டுவிடலாம். பணத்தோடு பிணைந்த எண் கையில் எடுக்கக்கூடிய சிம்மாகவும், பயணத் தரவு இ-சிம்மாகவும் இருப்பதே பாதுகாப்பான பிரிவினை.

கருவி ஒத்துழைக்குமா

அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-க்குள் 3ஜி சேவையை நிறுத்திவிட்டன. சிங்கப்பூர் 2017-இலேயே 2ஜியை மூடிவிட்டது. இத்தகைய நாடுகளில் 4ஜி வழியே பேசும் வோல்ட்இ வசதி இல்லாத கருவியில் இணையம் வந்தாலும் சாதாரண அழைப்பு போகாமல் இருக்கலாம். ஆஸ்திரேலியா 2024 அக்டோபர் இறுதியில் 3ஜியை நிறுத்தியபோது, 4ஜியில் அவசர எண் 000-ஐ அழைக்க இயலாத கருவிகளுக்குச் சேவை தரக் கூடாது என்று நிறுவனங்களுக்கு விதி வகுத்தது. உள்ளூர் சிம் வாங்கிய பிறகு கருவி மறுக்கப்படுவதைவிட, முன்பே மாதிரி எண்ணை அந்நாட்டு நிறுவனத்தின் தளத்தில் சரிபார்ப்பது மேல். சாதாரண பொத்தான் செல்பேசியோடு போகும் முதியவர்களுக்கு இது முக்கியமான விஷயம். அந்தக் கருவிகளில் பல 2ஜியை மட்டுமே அறிந்தவை.

விலை குறைந்த ஆண்ட்ராய்டு கருவிகளில் இ-சிம் பெரும்பாலும் இருக்காது, ஆனால் இரண்டு சிம் துளை இருக்கும். சிலவற்றில் இரண்டாவது துளையை மெமரி கார்டு பிடித்திருக்கும். அதை எடுத்தால்தான் உள்ளூர் சிம் நுழையும். இந்தியாவில் விற்கும் கருவிகள் பொதுவாக எந்த நிறுவனத்துக்கும் பூட்டப்படாதவை. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்தவை அங்குள்ள நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டிருக்கலாம்.

எல்லையோரமும் கடலும் வானமும்

அலை நாட்டின் எல்லைக்கோட்டில் நிற்பதில்லை. மலேசியாவின் ஜொகூர் பாரு கடற்கரையில் சிங்கப்பூர் கோபுரமும், ஜெனீவாவில் பிரான்சின் கோபுரமும் செல்பேசியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாட்டுக்கு மட்டும் பேக் வைத்திருப்பவர் இத்தகைய ஊர்களில் வலைப்பின்னலைக் கையால் தேர்ந்தெடுத்து நிறுத்த வேண்டும்.

சொகுசுக் கப்பலிலும் விமானத்திலும் இருக்கும் செல்பேசிச் சேவை வேறு வகை. அது செயற்கைக்கோள் வழியே இயங்குகிறது, எந்த நாட்டுக்கும் உரியதல்ல. ஐரோப்பிய உச்சவரம்புகூட அதற்குப் பொருந்தாது. நாட்டுக்கான பேக் அங்கே செல்லாது. கப்பல் துறைமுகத்தைவிட்டு நகர்ந்ததும் தரைக் கோபுரம் மறைந்து கப்பலின் சேவை தானாகப் பிடித்துக்கொள்ளும். ஏர்ப்ளேன் மோடில் வைத்து, தேவைப்பட்டால் கப்பலின் வைஃபையைப் பணம் கொடுத்து வாங்குவதே வழி.

எவ்வளவு தரவு போதும்

வாட்ஸ்அப் குரல் அழைப்பு நிமிடத்துக்கு அரை எம்பி அளவிலும், வீடியோ அழைப்பு அதைப்போலப் பல மடங்கும் எடுக்கும். வழிகாட்டும் வரைபடம் மணிக்குச் சில எம்பியோடு நின்றுவிடும். ஊரின் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்தால் இன்னும் குறையும். படம் பார்ப்பது வேறு கணக்கு. நெட்ஃபிளிக்ஸ் ஹெச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை போகும். இந்தியாவில் நாளுக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி என்று பழகியவர் அதே அளவை வெளிநாட்டிலும் வாங்க நினைப்பது இயல்பு. ஆனால் அந்தப் பயன்பாட்டில் பெரும்பகுதி பொழுதுபோக்கு வீடியோ. வழி தேடவும் பேசவும் மட்டும் என்றால் நாளுக்கு அரை ஜிபி பெரும்பாலும் மிஞ்சும். யாரும் கவனிக்காமல் தரவைத் தின்பவை படங்களைத் தானாக மேகச் சேமிப்பில் ஏற்றுவது, செயலிகளின் தானியங்கிப் புதுப்பிப்பு, குடும்பக் குழுக்களில் வரும் வீடியோக்கள் தாமாக இறங்குவது ஆகிய மூன்றும்தான். இவற்றை வைஃபைக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினால் சிறிய பேக்கே போதும்.

நீண்ட நாள் தங்குபவர்கள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ பிள்ளைகளுடன் ஆறு மாதம் தங்கப் போகும் பெற்றோருக்கும், படிக்கச் செல்லும் மாணவருக்கும் ரோமிங் பேக் கட்டாது. பிள்ளையின் குடும்பத் திட்டத்தில் ஓர் இணைப்பைச் சேர்த்துக்கொள்வதோ உள்ளூர் பிரீபெய்டோதான் நியாயமான வழி. அவர்களுக்கு இந்திய எண்ணைக் காப்பதே பெரிய சவால். பிரீபெய்டு எண் தொடர்ந்து 90 நாள் பயன்படாமல் இருந்தால் நிறுவனம் அதைத் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இருந்தால் ஒரு சிறு தொகையைக் கழித்துக்கொண்டு எண்ணைத் தக்கவைக்கும் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-இல் கொண்டுவந்தது. எனினும் ஓடிபி தொடர்ந்து வர வேண்டுமானால் செயலில் உள்ள ரீசார்ஜ் தேவை. ஓராண்டு செல்லும் ரீசார்ஜை ஒரே தவணையில் போட்டுவிட்டுப் போவது பலருக்குக் கைகொடுக்கிறது. ஊரில் இருக்கும் உறவினர் செயலி மூலம் மாதாமாதம் போட்டுவிடவும் செய்யலாம்.

வெளிநாட்டிலேயே குடியமர்ந்தவர்களுக்கு 2023 முதல் இன்னொரு வழி திறந்திருக்கிறது. சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், அமீரகம், சவூதி அரேபியா உள்ளிட்ட நாடுகளின் எண்ணையே, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கோடு இணைத்து யூபிஐ பயன்படுத்த இந்திய தேசிய கொடுப்பனவுக் கழகம் அனுமதித்தது. முதலில் 10 நாடுகளோடு தொடங்கிய ஏற்பாடு இது. வங்கியும் அதை ஆதரிக்க வேண்டும். எண்ணை மாற்றும் வேலையை இந்திய சிம் உயிரோடு இருக்கும்போதே முடிக்க வேண்டும். பழைய எண்ணுக்கு வரும் ஓடிபி இல்லாமல் புதிய எண்ணைப் பதிவது வங்கிக் கிளைக்கு நேரில் போகும் வேலையாகிவிடும்.